அமங்கலம் அண்டாத அலுவலகம்

பெற்றோரின் காலத்துக்குப் பிறகு அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது, அந்தப் பிள்ளைக்குரிய வீட்டையும் நிலத்தையும் யார் பொறுப்பில் விடுவது என்பதைத் தீர்மானிப்பதற்கென்றே திருவள்ளூரில் ஓர் அலுவலகம் இருந்தது. பிற்காலப் பாதுகாப்பு ஆணையகம் என்பது அதன் பெயர். ஓர் ஆணையர், ஒரு கண்காணிப்பாளர், பதினொரு பணியாளர், மூன்று முத்திரைகள், வாசலில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் ஆகியவை அதன் உறுப்புகள். சாவுக்காகவே பிறந்த அந்த அலுவலகத்தில், சாவு என்ற சொல்லை மட்டும் யாரும் உச்சரிக்கக் கூடாது.

இது வாய்மொழி வழக்கன்று. சுற்றறிக்கை எண் பதினான்கு. ஆணையர் பூவராகவனுக்கு இரண்டாண்டுகளாகப் பதவி உயர்வு வரவில்லை. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார், பதில் வரவில்லை. சோதிடரைக் கேட்டார், பதில் உடனே வந்தது. நாள் முழுவதும் அமங்கலம் பேசுகிற இடத்துக்குள் மகாலட்சுமி எப்படி நுழைவாள் என்று அந்த மேதை வினவினார். மறுநாளே சுற்றறிக்கை பிறந்தது. சாவு, இறப்பு, மரணம், காலமாதல், இயற்கை எய்துதல் ஆகிய ஐந்து சொற்களும் அலுவலக எல்லைக்குள் தடை செய்யப்பட்டன. முத்திரைகளுக்குக் குங்குமம் இடப்பட்டது. இராகு காலத்தில் கோப்புகள் உறங்கின, தேய்பிறையில் ஓய்வெடுத்தன, கரிநாளில் கண் திறக்கவே இல்லை.

விண்ணப்பப் படிவமும் சீர்திருத்தப்பட்டது. ‘தாங்கள் இறந்த பிறகு தங்கள் பிள்ளையின் பாதுகாவலர் யார்?’ என்றிருந்த ஒன்பதாம் கேள்வி, ‘தாங்கள் நூறாண்டு வாழும் நிலையில் தங்கள் பிள்ளையின் பாதுகாவலர் யார்?’ என்று மாறியது. பெற்றோர் அனைவரும் ‘நான்’ என்று எழுதினார்கள். வேறென்ன எழுத முடியும்? பாதுகாவலர் ஏற்கெனவே இருக்கிறார், ஆகவே புதிய நியமனம் தேவையில்லை என்று முடிவெழுதி, மஞ்சள் கயிறு கட்டி அடுக்கினார்கள். ஒரே ஆண்டில் இருநூற்றுப் பதினொரு மனுக்கள் இப்படித் தீர்ந்தன. விரைந்து செயல்படும் அலுவலகம் என்று பாராட்டி அதற்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள்.

இந்த மங்கல மாளிகைக்குள்தான் அருணகிரி தம் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை நுழைந்தார்.

அருணகிரிக்கு அறுபத்தெட்டு வயது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், ஓர் இரசாயன ஆலையில், முப்பத்தோராண்டு பாய்லர் ஓட்டியவர். அந்த வேலையில் ஒரு நெறி உண்டு. அடுத்த ஷிப்டுக்காரர் வந்து, பதிவேட்டைப் படித்து, கையெழுத்துப் போடும்வரை முந்தைய ஷிப்டுக்காரர் கொதிகலனை விட்டு நகரக் கூடாது. வீட்டில் திருமணமாக இருக்கட்டும், வெளியில் வெள்ளமாக இருக்கட்டும்; ரிலீவர் வராமல் இறங்கக் கூடாது. அந்த நெறியை அவர் ஒருநாளும் மீறியதில்லை.

இப்போது அவருடைய இதயத்தில் இரண்டு அடைப்புகள். மனைவி கங்கம்மாள் ஆறாண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். ஒரே மகன் மதிவாணனுக்கு முப்பத்து மூன்று வயது. பத்துக்கு மேல் எண்ண வராது. கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல்வரை இரயில் நிலையங்களை ஒன்று விடாமல் சொல்ல வரும். அருணகிரியின் அக்காள் மகள் கல்பனா, வேப்பம்பட்டில் தையற்கடை வைத்திருப்பவர், மதிவாணனைத் தாம் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருந்தார். வீடு மதிவாணனுக்கு, பொறுப்பு கல்பனாவுக்கு என்று ஓர் ஆணை வேண்டும். அந்த ஆணை இல்லாவிட்டால், நாளை யாரோ ஓர் உறவினர் வீட்டைத் தாம் வைத்துக்கொண்டு, மதிவாணனை ஏதோ ஒரு விடுதியில் கொண்டுபோய்த் தள்ளலாம். அருணகிரிக்கு வேண்டியது ஒரே ஒரு ரிலீவர்.

கண்காணிப்பாளர் குணசுந்தரி தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். “கேட்டு பூட்டியிருக்கில்ல? அங்கயே உக்காந்திருந்தா இருக்கட்டும். சோறு மட்டும் குடுத்துடு.” தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். “இன்னா விஷயம், பெரியவரே?”

“நான் செத்துட்டா இவன யாரு பாத்துக்கறதுன்னு எழுதி வெக்கணும்மா.”

தட்டச்சு நின்றது. ஒருவர் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்னொருவர் மஞ்சள் நீர்ச் செம்பை எடுக்க ஓடினார். குணசுந்தரி இரு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

“வெளிய குழா இருக்குது. போய்க் கால் கழுவிக்கினு வாங்க. ரெண்டு பேரும்.”

“மழைகூட இல்லியேம்மா. கால்ல சேறு இல்ல.”

“சேத்துக்கு இல்ல. நீங்க சொன்னதுக்கு.”

அருணகிரி கழுவினார். மதிவாணனுக்குக் குழாய் பிடித்திருந்தது. அவர் மூன்று முறை கழுவினார். அன்று அந்த வளாகத்தில் மனநிறைவோடு திரும்பிய ஒரே குடிமகன் அவர்தான்.

இவ்வாறு ஏழு முறை வந்தார்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு நேர் இரயில் கிடையாது. சென்னைவரை போய், பேசின் பிரிட்ஜில் மாறி, மீண்டும் மேற்கே வர வேண்டும். ஒரே மாவட்டத்துக்குள் இருக்கும் அலுவலகத்துக்குத் தலைநகரைத் தொட்டுத் திரும்புவதைத்தான் ஆட்சி மக்களின் வாசலுக்கு வந்துவிட்டது என்று மேடைகளில் சொல்கிறார்கள். இரண்டாம் முறை வந்தபோது தேய்பிறை. மூன்றாம் முறை கரிநாள். நான்காம் முறை ஒரு பூனை குறுக்கே போனதால் ஆணையர் படியேறவில்லை. ஐந்தாம் முறை அந்தப் பூனையைப் பிடிப்பதற்குக் குழு அமைத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் முறை ஒன்பதாம் கேள்விக்கு அருணகிரி ‘கல்பனா’ என்று எழுதினார். நூறாண்டு வாழப் போகிறவருக்கு இன்னொருவர் எதற்கு என்று கேட்டுத் திருப்பிவிட்டார்கள். ஏழு முறையும் மதிவாணனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ‘சும்மா உக்காரு’ என்று மட்டும் சொன்னார்கள். அதையும் அவர் உட்கார்ந்த பிறகே சொன்னார்கள்.

ஏழாம் முறை ஆணையரின் அறைக்குள் போக முடிந்தது. பூவராகவன் மேடைப் பேச்சில் வளர்ந்தவர். எதிரில் ஒருவர் இருந்தாலும் ஓராயிரம் பேர் இருப்பதாகவே எண்ணிப் பேசுவார்.

“அருணகிரி அவர்களே! இந்த ஆணையகம் தோன்றி ஏழாண்டுகள் ஆகின்றன. எங்களிடம் மனுச் செய்த பெற்றோர்களில் ஒருவர்கூட, மீண்டும் சொல்கிறேன், ஒருவர்கூட, அந்த நிலையை எய்தியதாக எங்கள் பதிவேட்டில் இல்லை. உலகில் வேறெந்த மருத்துவமனையாவது இப்படிச் சொல்ல முடியுமா?”

“யாருமே சாவலியா சார்?”

ஆணையர் மேசை மேலிருந்த எலுமிச்சம்பழத்தைத் தொட்டுக்கொண்டார். “அதை எழுதுவதற்குப் பதிவேட்டில் பத்தியே கிடையாது.”

“அப்போ அந்தப் புள்ளைங்க?”

“எந்தப் பிள்ளைகள்?”

“அப்பா அம்மா ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்ட புள்ளைங்க.”

“அவர்களில் ஒருவர்கூட இங்கு வந்து குறை சொன்னதில்லை. எங்கள் பணியின் சிறப்புக்கு வேறென்ன சான்று வேண்டும்?”

அருணகிரி மகனைத் திரும்பிப் பார்த்தார். மதிவாணன் எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி சார். அந்தப் பேச்ச எடுக்கல. எனக்கு ஒரு ரிலீவர் வேணும். அப்படி எழுதலாமா?”

ஆணையர் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிப் பார்த்தார். அமங்கலத்தின் சுவை தென்படவில்லை. “தாராளமாக எழுதுங்கள். பையனின் அன்றாட விவரங்களையும் இணையுங்கள்.”

வீட்டில் அருணகிரியிடம் எழுதாத பதிவேடுகள் சில இருந்தன. ஆலை கணிப்பொறிக்கு மாறியபோது தூக்கி எறிய வைத்திருந்தவற்றை அவர் கேட்டு வாங்கி வந்தவை. அட்டையில் ‘கொதிகலன் அறை: பணிமாற்றப் பதிவேடு’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். உள்ளே நேரம், நிலவரம், எச்சரிக்கை, கையொப்பம் என்று பத்திகள். முந்நூறு பேர் உயிரோடு வீடு திரும்புவதற்கு முப்பத்தோராண்டு துணை நின்ற நூல் அது. அதைவிட நம்பிக்கையான காகிதத்தை அருணகிரி அறிந்ததில்லை. ஒரு மாதம் எழுதினார். ஒவ்வொரு வரி முடிந்ததும் மதிவாணன் பேனாவை வாங்கி, கையொப்பப் பத்தியில் ஒரு கோடு போட்டார். நேரம் எழுத மறந்தால், முதல் பத்தியில் விரலை வைத்து, “டைம் போடு, நைனா” என்றார்.

முதல் பக்கத்தில் மனு இருந்தது: ‘என் ஷிப்டு முடியப் போகிறது. முப்பத்து மூன்று ஆண்டுகளாக நிற்காமல் ஓடுகிறது. ரிலீவர் கல்பனா, வேப்பம்பட்டு. அவர் பொறுப்பேற்க ஆணை வழங்கவும்.’

ஆணையகத்தில் கோப்புகளை அட்டையைப் பார்த்துப் பிரிப்பதுதான் முறை. உள்ளே படிப்பது, பிரித்தவர்களின் மேல் அவநம்பிக்கை கொள்வதாகும். எனவே யாரும் படிக்கவில்லை. பதிவெழுத்தர் அட்டையைப் பார்த்தார். முதல் பக்கத்தில் ஷிப்டையும் ரிலீவரையும் பார்த்தார். வளர்பிறைப் பஞ்சமியில், நல்ல நேரத்தில், கோப்பைக் கொதிகலன் ஆய்வாளருக்கு அனுப்பிவைத்தார். ‘தங்கள் மனு உரிய துறைக்கு மாற்றப்பட்டது’ என்று அருணகிரிக்குக் கடிதம் வந்தது. அவர் மகிழ்ந்தார். உரிய துறை என்று ஒன்று இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும்.

அடுத்த வாரம் தலைக்கவசமும் டார்ச் விளக்கும் சிறு சுத்தியலுமாக ஓர் அம்மையார் வந்து நின்றார். கொதிகலன் ஆய்வாளர் மெர்சி.

“பாய்லர் எங்க இருக்குது?”

“இங்க ஏதும்மா பாய்லரு? குளிக்கவே அடுப்புலதான் வெந்நி.”

மெர்சி கோப்பைப் புரட்டினார். “மதிவாணன்னு போட்டிருக்கு?”

“எம் புள்ள.”

“முப்பத்து மூணு வருஷமா ஓடுதுன்னு...”

“ஆமா. ஒரு நாள்கூட நின்னதில்ல.”

மதிவாணன் உள்ளிருந்து வந்தார். சுத்தியலைப் பார்த்தார். காதுகளைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். மெர்சி சுத்தியலைப் பைக்குள் போட்டு, பையை வாசலுக்கு வெளியே வைத்தார். அப்போதுதான் இணைப்பாக வந்த பதிவேட்டைத் திறந்தார். ஏழு முறை மனுவாகவும் ஒரு முறை நூலாகவும் ஆணையகம் கண்ட அந்தச் செய்தியை, முதன்முதலாக ஓர் அரசு ஊழியர் படித்தார்.

‘காலை 5.50. எழுந்தான். உடனே பேச்சுக் கொடுக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கவும்.

6.20. பல் விளக்கினான். பேஸ்ட்டை அவனேதான் பிதுக்க வேண்டும். நாம் பிதுக்கினால் அன்று பல் விளக்கல் இல்லை.

1.15. சாப்பாடு. சோறும் குழம்பும் ஒன்றையொன்று தொடக் கூடாது. அவனே கலந்தால் பரவாயில்லை.

3.00. ஆலைச் சங்கு. காதைப் பொத்திக்கொள்வான். தொட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பத்து நிமிடம்.’

மெர்சி பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுந்தார். மூலைக்குப் போய் மதிவாணனின் பக்கத்தில், தொடாமல், தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்தே மேற்கொண்டு படித்தார்.

‘இரவு 7.40. அம்மாவைக் கேட்டான். செத்துவிட்டாள் என்று சொல்லவும். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லக் கூடாது. முதலில் சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். மூன்று நாள் பஸ் ஸ்டாண்டில் நின்றான். உள்ளதைச் சொன்னேன். அழுதான். வீட்டுக்கு வந்தான். இப்போதும் கேட்பான், சொன்னால் அழுவான், பிறகு சாப்பிடுவான்.’

மெர்சி அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை படித்தார். “பெரியவரே, பெரிய பெரிய கம்பெனில லாக் புக் பாத்திருக்கேன். மாசக் கடைசில ஒரே பேனால, ஒரே மூச்சுல எழுதி வெச்சிருப்பான். இப்படி ஒண்ண நான் பாத்ததே இல்ல.”

“ரிலீவரு படிக்கணுமில்லம்மா. நான் பக்கத்துல இருக்க மாட்டேனே.”

பத்து நிமிடம் ஆகியிருந்தது. மதிவாணன் காதிலிருந்து கைகளை எடுத்தார். மெர்சி அவரிடம் திரும்பினார். “மதி, நைனாவுக்கு அப்புறம் யாரு உங்ககூட இருக்கணும்?”

ஏழு பயணங்களில் எவரும் கேட்டிராத கேள்வி அது. மதிவாணன் அவர் மடியிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார்.

“கல்பனா.”

“ஏன்?”

“ரசத்துல மொளகு கம்மியா போடுவா.” பின், நினைவு வந்தவராக, “வேப்பம்பட்டுக்கு ரயில்ல போலாம்” என்றார்.

மெர்சி நினைத்திருந்தால் ‘எமது துறைக்குத் தொடர்பில்லை’ என்று எழுதித் திருப்பியிருக்கலாம். விதி அதைத்தான் சொல்கிறது. ஆனால், திருவள்ளூருக்குத் திரும்பும் கோப்பு அடுத்து எங்கே போகும்? கால்நடைத் துறைக்கா, கலங்கரை விளக்கத்துக்கா? தம்மிடம் இருந்த ஆய்வுப் படிவத்தையே எடுத்தார்.

‘இயக்கம்: சீர். பராமரிப்பு: மிகச் சிறப்பு. நீரழுத்தச் சோதனை: தேவையில்லை, நாள்தோறும் தாமே குளிக்கிறார். தற்போதைய பொறுப்பாளர்: அருணகிரி. மாற்றுப் பொறுப்பாளர்: கல்பனா, உரியவரிடமே நேரில் கேட்டு உறுதி செய்யப்பட்டது. குடியிருக்கும் வீட்டை மாற்றக் கூடாது. மாற்றுப் பொறுப்பாளர் எழுத்து மூலம் நியமிக்கப்படாமல் ஒருநாளும் விடலாகாது. விட்டால் விளைவுகளுக்குப் பிற்காலப் பாதுகாப்பு ஆணையரே நேரடிப் பொறுப்பு.’ கீழே வட்ட முத்திரை.

அறிக்கை திருவள்ளூரை அடைந்தது. ஆணையர் முதலில் ஐந்து சொற்களைத் தேடினார். ஒன்றும் இல்லை. அடுத்து முத்திரையைத் தேடினார். வட்டமாக இருந்தது. கடைசியாகத் தம் பதவியின் பெயரைப் பார்த்தார், வியர்த்தார். வெடித்தால் தம் மேல் வெடிக்கும் என்று ஒரு பொறியியல் துறையே எழுத்தில் தெரிவித்துவிட்டது. எது வெடிக்கும் என்று அவர் ஆராயவில்லை. தட்டச்சு செய்யக் குணசுந்தரியிடம் கோப்பைக் கொடுத்தார். குணசுந்தரி அன்று பதிவேட்டோடு நெடுநேரம் இருந்தார்; வழக்கமான தொலைபேசி அழைப்பைக்கூட மறந்துவிட்டார்.

வளர்பிறைக்குக் காத்திராமல் ஆணை பிறந்தது. பந்தல் போட்டார்கள். பூவராகவன் பொன்னாடையோடு முழங்கினார்.

“பெருமக்களே! இந்த ஆணை வெறும் காகிதமன்று, காப்பரண்! மதிவாணன் என்னும் இயந்திரம்...” குணசுந்தரி எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். “...இளைஞர், என்றென்றும் ஓடிக்கொண்டே இருப்பார்! அவரைப் பாதுகாக்கும் அருணகிரி அவர்கள் என்றென்றும் பணியில் இருப்பார்! ஆகவே இந்த ஆணை என்றென்றும் பயன்படவே பயன்படாது என்று உறுதி கூறி இதை வழங்குகிறேன்!”

கைதட்டல் அதிர்ந்தது. மதிவாணன் காதைப் பொத்திக்கொண்டார். கல்பனா பக்கத்தில் போய், தொடாமல் உட்கார்ந்தார். அருணகிரி அதைப் பார்த்த பிறகுதான் ஆணையைப் படித்தார். வீடு மதிவாணனுக்கு. பொறுப்பு கல்பனாவுக்கு. எழுத்தில் இருந்தது.

“இப்போ இறங்கலாம்” என்றார், யாரிடமும் அல்லாமல்.

“இன்னா அவசரம் மாமா? ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு” என்றார் கல்பனா.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, கும்மிடிப்பூண்டி வீட்டின் கதவைக் குணசுந்தரி தட்டினார். கையில் ஆரஞ்சுப் பழப் பை. உள்ளே வந்து உட்கார்ந்தவர் பையின் காதை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

“உங்களாண்ட எழுதாத புக்கு இருக்குதாமே. ஒண்ணு கிடைக்குமா?”

“இருக்குதும்மா. யாருக்கு?”

“என் தம்பி. லோகு. நாப்பத்தோரு வயசு. மதி மாதிரிதான்.” அவர் சுவரைப் பார்த்துப் பேசினார். “எங்க அம்மா காசிக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன். நாலு வருஷமா கேட்டாண்டயே உக்காந்திருக்கான், ஐயா. யாரு வந்தாலும் எழுந்து பாக்கறான்.”

அருணகிரி அலமாரியைத் திறந்து புதுப் பதிவேடு ஒன்றை எடுத்து, தூசி தட்டி, மேசை மேல் வைத்தார்.

“இன்னான்னு தொடங்கறது?”

“உள்ளது எதுவோ அதச் சொல்லிட்டுத் தொடங்கும்மா. இங்க பூசணிக்கா கட்டல.”

குணசுந்தரி வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார்.

“நான் செத்துட்டா, லோகுவுக்கு யாருமில்ல.”

கூரை இடியவில்லை. நாய் ஊளையிடவில்லை. தெருவில் ஒருவர் கோலமாவு விற்றுக்கொண்டு போனார். இந்த வீட்டின் முன்னும் வழக்கம்போலக் கூவினார்.

மதிவாணன் எழுந்து வந்தார். பதிவேட்டின் முதல் பக்கத்தைத் திருப்பி, பேனாவைக் குணசுந்தரியின் கையில் வைத்து, முதல் பத்தியின் மேல் விரலை ஊன்றினார்.

“டைம் போடு.”

குணசுந்தரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சனிக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. நட்டநடு இராகு காலம்.

எழுதினார்.